மகளுக்குக் கார் பழக எவ்வளவு ஆகும்? 15 நாள் 6,500 என்கிறார்கள்

பீளமேட்டு அப்பா:

வணக்கம். மகளுக்குப் போன மாதம் 18 முடிந்தது. பொறியியல் முதலாண்டு. செமஸ்டர் லீவு ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் கார் பழகி லைசென்ஸும் எடுத்துவிட்டால் நல்லது என்று நினைக்கிறோம். வீட்டில் பழைய வேகன் ஆர் ஒன்று நிற்கிறது. நான் வாரத்துக்கு ஒரு முறை எடுத்தால் அதிகம்.

இந்தப் பக்கம் மூன்று டிரைவிங் ஸ்கூல்களில் கேட்டேன். ஒன்றில் 15 நாள், 6,500 ரூபாய். லைசென்ஸோடு சேர்த்து என்றால் 11,000. அடுத்ததில் 20 நாள், 8,000. லைசென்ஸ் வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மூன்றாவது இடத்தில் 10 நாள், 4,500. "பாப்பா ஸ்கூட்டி ஓட்டுமில்ல சார், ரோடு பழகியிருக்கும், பத்து நாள் தாராளம்" என்றார் அங்கே இருந்தவர். ஓட்டாது, 18 முடிந்தே ஒரு மாதம்தான் ஆகிறது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

1998இல் நான் பழகியது அம்பாசடரில். மொத்தம் 900 ரூபாய். இப்போது எது நியாயமான விலை, எது ஏமாற்று என்றே பிடிபடவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மதுரைக்காரி:

பத்து நாள் பக்கம் போகாதீர்கள் அண்ணா. நான் போனேன். நாலு வருடத்துக்கு முன்பு 3,500 ரூபாய். பத்தாம் நாள் பைபாஸில் நாற்பதில் ஓட்டினேன், "சூப்பர்மா" என்றார் மாஸ்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவின் காரை எடுத்தால் முதல் கியரில் வண்டி நகரவே இல்லை. ஆஃப். திரும்ப ஸ்டார்ட் செய்தேன், திரும்ப ஆஃப். தெருமுனை போய்ச் சேர்வதற்குள் ஏழு தடவை. பின்னால் வந்த தண்ணி லாரிக்காரர் இறங்கி வந்து கேட்டார், "ஏம்மா, பெட்ரோல் இருக்கா?"

அப்புறம்தான் விளங்கியது. பத்து நாளும் கிளட்ச்சை மிதித்தது மாஸ்டரின் கால். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அவரோடு ஊர் சுற்றியிருக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் காரைத் தொடவில்லை. கையில் லைசென்ஸ் இருந்தது, அதுதான் கொடுமை.

தாமிரபரணி:

எதற்கு சார் ஸ்கூல்? எல்.எல்.ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்து, முன்னாலும் பின்னாலும் எல் போர்டு ஒட்டி, லைசென்ஸ் உள்ள நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். சட்டமே அதற்கு இடம் தருகிறது. என் பையனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ரோட்டில் ஈ காக்கா இருக்காது. பெட்ரோல் செலவு மட்டும்தான்.

மதுரைக்காரி:

கிளட்ச் பிளேட்?

தாமிரபரணி:

ம்... போனது. ஆறு மாதத்தில். 8,700 ரூபாய். ஏற்கனவே தேய்ந்திருந்தது என்று மெக்கானிக் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

பழைய மாஸ்டர்:

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் 22 வருடம் இடது சீட்டில் உட்கார்ந்தவன் நான். இப்போது ஓய்வு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், முதலில் உங்கள் ஒரு மாதக் கணக்கை மறந்துவிடுங்கள். எல்.எல்.ஆர் வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் லைசென்ஸ் டெஸ்டுக்கே விண்ணப்பிக்க முடியும். எல்.எல்.ஆர் ஆறு மாதம் செல்லும். அதனால் இன்றைக்கே எல்.எல்.ஆர் போடுங்கள், பழகுவதை நிதானமாக வைத்துக்கொள்ளுங்கள். லீவு முடிவதற்குள் என்று அவசரப்படுத்தினால் பிள்ளைக்குப் பயம்தான் வரும்.

அடுத்தது விலை. 15 நாள், 20 நாள் என்று ஸ்கூல்காரர்கள் சொல்வது நாள் கணக்கு. நீங்கள் கேட்க வேண்டியது நிமிடக் கணக்கு. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு வண்டிக்குக் காலை ஆறிலிருந்து பத்துக்குள் எட்டுப் பேர். ஆளுக்கு அரை மணி என்றுதான் நோட்டில் இருக்கும். ஆனால் அந்த அரை மணிக்குள்தான் ஒருவர் இறங்க வேண்டும், அடுத்தவர் ஏற வேண்டும், சீட்டை முன்னே தள்ளிக் கண்ணாடியைத் திருப்ப வேண்டும், நடுவில் பெட்ரோல் போட வேண்டும், எனக்கு ஒரு டீயும் குடிக்க வேண்டும். ஸ்டீயரிங் உங்கள் பிள்ளை கையில் இருப்பது இருபது நிமிடம் என்றால் அதுவே நல்ல ஸ்கூல்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 31ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. சொந்த வண்டி ஓட்டப் பழகுகிறவருக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, நிஜமாக வண்டி ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. விதி இதுதான். 10 நாள் 4,500 என்றவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உங்களை ஆர்.டி.ஓ ஆபீஸ் ஆள் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுப்பார்.

மதுரைக்காரி அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. மாஸ்டர் பக்கமும் பெடல் இருக்கிறதே, அது ஆபத்துக்கு உதவ வைத்தது. ஆனால் ஒரு நாளைக்கு எட்டுப் பேர் வண்டியை ஆஃப் செய்துகொண்டிருந்தால் நேரம் ஓடிவிடும், நடுரோட்டில் ஹாரன் காதைப் பிளக்கும். அதனால் மாஸ்டர் தன் காலாலேயே கிளட்ச்சைப் பார்த்துக்கொள்வார். நானும் செய்திருக்கிறேன், பொய் சொல்லவில்லை. ஐந்தாம் நாளுக்கு மேல் உங்கள் மகளை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்: "மாஸ்டர், காலைக் கீழே வைத்துக்கோங்க, நானே ஓட்டிப் பார்க்கிறேன்." அன்றைக்கு வண்டி பத்துத் தடவை ஆஃப் ஆகும். ஆகட்டும். அன்றைக்குத்தான் அவள் பழக ஆரம்பிக்கிறாள்.

லைசென்ஸ் பேக்கேஜ் பற்றியும் சொல்கிறேன். எல்.எல்.ஆருக்கு ஒரு வகை வண்டிக்கு 150, அதன் தேர்வுக்கு 50. பிறகு டிரைவிங் டெஸ்ட் ஒரு வகைக்கு 300, லைசென்ஸுக்கு 200. ஸ்கூட்டரையும் காரையும் ஒரே எல்.எல்.ஆரில் போட்டுவிடுங்கள், பின்னால் தனியாகச் சேர்த்தால் திரும்ப அலைச்சல். இதன் மேல் சேவைக் கட்டணம் கொஞ்சம் வரும். எப்படிக் கூட்டினாலும் இரண்டாயிரத்தைத் தொடாது. உங்களிடம் 6,500க்கும் 11,000க்கும் நடுவில் 4,500 கேட்கிறார்கள். மீதி எங்கே போகிறது என்று கேட்டால் "ஆர்.டி.ஓ செலவு சார்" என்பார்கள். அந்தச் செலவுக்கு ரசீது கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. கார் லைசென்ஸுக்கு ஸ்கூல் சான்றிதழ் கட்டாயம் இல்லை. சொந்த வண்டியிலேயே டெஸ்டுக்குப் போகலாம்.

பீளமேட்டு அப்பா:

மாஸ்டர், கும்பிட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாள் தாமதமாகப் படித்துவிட்டேன். வீட்டுக்குப் பக்கம் என்று நேற்றே 6,500 இடத்தில் பணம் கட்டியாகிவிட்டது. நல்லவேளை, பேக்கேஜ் போடவில்லை. எல்.எல்.ஆர் இ-சேவை மையத்தில் போட்டோம், 60 ரூபாய் சேவைக் கட்டணம் வாங்கினார்கள். மகளிடம் நிமிடத்தைக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கேள்விக்குறி:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு 16 முடிந்தது. ப்ளஸ் ஒன். டியூஷனுக்கு ஆறு கிலோமீட்டர். 16 வயதுக்கே கியர் இல்லாத வண்டிக்கு லைசென்ஸ் கிடைக்கும் என்கிறார்களே, ஆக்டிவாவுக்கு எடுத்துக்கொடுக்கலாமா?

ஆறாம் கியர்:

முடியாதுங்க. 16 வயதுக்குக் கிடைப்பது 50 சிசிக்கு மிகாத வண்டிக்கு மட்டும். ஆக்டிவா 110 சிசி. டிவிஎஸ் எக்ஸ்எல் கூட 100 சிசி. ஷோரூமில் தேடினாலும் 50 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர் அகப்படாது, அதனால் அந்த லைசென்ஸை வைத்து ஓட்ட வண்டி இல்லை.

2019 சட்டத் திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவையும் படித்துவிடுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வண்டி ஓட்டிச் சிக்கினால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. டியூஷனுக்கு நீங்களே கொண்டுபோய் விடுங்கள்.

இழைக்கு வருவோம். ஆட்டோமேட்டிக் காரில் பழகினால் கிளட்ச் தொல்லையே இல்லையே, ஏன் யாரும் சொல்லவில்லை? நம் லைசென்ஸில் காருக்கு மேனுவல், ஆட்டோமேட்டிக் என்று பிரிவும் இல்லை.

பழைய மாஸ்டர்:

சார் வீட்டில் நிற்பது மேனுவல் வேகன் ஆர், அதை ஓட்டக் கிளட்ச் பழகித்தான் ஆக வேண்டும், தம்பி. (மேனுவல் என்று அவர் எழுதவில்லைதான். ஆனால் பழையது என்றாரே.)

ஹரோ மாமா:

வணக்கம், லண்டனில் இருந்து எழுதுகிறேன். உங்கள் கணக்கைப் பார்க்கப் பெருமூச்சு வருகிறது. இங்கே பிள்ளைகள் 17 வயதில் கார் பழகத் தொடங்கலாம். என் மகனுக்குப் போன வருடம் ஒரு மணித்தியாலத்துக்கு 38 பவுண்ட் கொடுத்தேன். சராசரியாக ஒரு பிள்ளைக்கு 45 மணித்தியாலப் பயிற்சியும், அதற்கு மேல் வீட்டில் 22 மணித்தியாலம் ஓடிப் பழகுவதும் தேவைப்படும் என்று இங்கத்தைய அரசாங்கமே சொல்கிறது. பெருக்கிப் பாருங்கள், 1,700 பவுண்டுக்கு மேல். பழகுவதற்கான அனுமதிப்பத்திரம் 34, எழுத்துப் பரீட்சை 23, ஓடிக் காட்டுகிற பரீட்சை வார நாளில் 62. அதற்குத் தேதி எடுப்பது கோயில் தேர் இழுப்பதை விடக் கஷ்டம், மாதக்கணக்கில் காத்திருந்தோம். காத்திருக்கிற காலத்தில் பிள்ளை மறந்துவிடக் கூடாதே என்று மேலும் பாடம் எடுக்க வேண்டும், அதற்கும் காசு. எல்லாம் முடிந்து இன்சூரன்ஸ் விலை கேட்டபோது, மகனே, நீ பேருந்திலேயே போடா என்று சொல்லிவிட்டேன்.

ஆட்டோமேட்டிக் பற்றி ஒருவர் கேட்டார். இங்கே ஆட்டோமேட்டிக்கில் சித்தியடைந்தால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓடலாம். உங்கள் ஊர் அந்த விஷயத்தில் பரவாயில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மணித்தியாலக் கணக்கு என்பதால் யாரும் நேரத்தைத் திருட முடியாது. கார் வாசலுக்கு வரும், மகன் ஏறுவான், சரியாக அறுபது நிமிடம் அவன்தான் ஓடுவான்.

தாமிரபரணி:

1,700 பவுண்டா! என் கிளட்ச் பிளேட் மேல் எனக்கு இருந்த வருத்தம் போய்விட்டது மாமா.

பீளமேட்டு அப்பா:

பதினைந்து நாளும் முடிந்தன. கணக்கு இதோ. மகள் குறித்து வைத்ததில் ஒரு நாளைக்குச் சராசரி 18 நிமிடம். 15 நாளுக்கு 270 நிமிடம், அதாவது நாலரை மணி. 6,500ஐ நாலரையால் வகுத்தால் மணிக்குச் சுமார் 1,450 ரூபாய். எனக்கு அதிகம் என்று தோன்றிய 8,000 ரூபாய் ஸ்கூலில் போய் மறுபடி விசாரித்தேன். அங்கே ஒரு நேரத்துக்கு ஒருவர்தான், வண்டி ஸ்கூல் வாசலிலிருந்து கிளம்பித் திரும்ப அங்கேயே வரும், வீட்டில் வந்து ஏற்றிக்கொள்வது கிடையாது. முழு அரை மணி. 20 நாளுக்குப் பத்து மணி, மணிக்கு 800 ரூபாய். மலிவு என்று போன இடம்தான் விலை கூடியது. வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொள்கிறார்கள் என்பதை நான் பெரிய வசதி என்று நினைத்தேன். என் மகளின் நேரத்தில்தான் அடுத்த பிள்ளையின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மகள் (அப்பாவின் கணக்கிலிருந்து):

ஒரு திருத்தம். 18 நிமிடத்தில் பெட்ரோல் பங்க்கில் நின்ற நேரமும் சேர்த்தி. அப்பா அதைக் கழிக்கவில்லை. அப்புறம், மாஸ்டர் தாத்தா சொன்னபடி ஏழாம் நாள் "காலைக் கீழே வைத்துக்கோங்க" என்று கேட்டேன். "உனக்கு ஒண்ணுன்னா உங்கப்பாவுக்கு யார் பதில் சொல்றது" என்றார். பின் சீட்டில் இருந்த பையனை மட்டும் மறுநாள், தன் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, ஓட்டச் சொன்னார். நான் குறித்து வைத்திருக்கிறேன்.

மதுரைக்காரி:

இதை எதிர்பார்த்தேன். "பொண்ணுங்களுக்கு ஸ்கூட்டி போதாதா" என்று என்னிடமும் கேட்டார்கள். அதே பணத்தைத்தானே நாமும் கட்டுகிறோம் கண்ணு? அடுத்த தடவை பெண் மாஸ்டர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இல்லையென்றால் முதல் நாளே அப்பாவைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள், பேச்சு தானாகக் குறையும்.

பழைய மாஸ்டர்:

பாப்பா, அந்த மாஸ்டர் சார்பில் நான் வெட்கப்படுகிறேன். சார், மீண்டும் முழுக் கோர்ஸ் கட்டாதீர்கள். அந்த இரண்டாவது ஸ்கூலில் பத்து வகுப்பு மட்டும் தருவார்களா என்று பேசிப் பாருங்கள். கிளட்ச், மேட்டில் வண்டியை நிறுத்தி எடுப்பது, ரிவர்ஸ், இந்த மூன்றும்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நேர் ரோட்டில் ஓட்டுவதற்கு இனிமேல் பணம் கட்ட வேண்டாம், அது உங்கள் வண்டியில் வந்துவிடும்.

உங்கள் வண்டியில் பழக்கும்போது மைதானத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். மைதானத்தில் நாய் குறுக்கே வராது, ஷேர் ஆட்டோ நடுவில் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் குடியிருப்புத் தெருக்களில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம். அதுதான் பாடம். நீங்கள் ஹேண்ட் பிரேக்கின் மேல் கை வைத்திருங்கள். வாயைத் திறக்காதீர்கள், அது ஹேண்ட் பிரேக்கை விட முக்கியம்.

ஆறாம் கியர்:

காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு ஒரு தகவல். 2021 ஜூலை 1 முதல் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கென்று தனி விதி இருக்கிறது. காருக்கு நாலு வாரத்துக்குள் 29 மணி நேரம்: 21 மணி செய்முறை, 8 மணி வகுப்பு. அங்கே தேறினால் ஆர்.டி.ஓ ஆபீஸில் தனியாக டெஸ்ட் கொடுக்கத் தேவையில்லை. சாதாரண டிரைவிங் ஸ்கூல் வேறு, இது வேறு. பக்கத்தில் இருந்தால் விசாரியுங்கள். "நாங்களும் அங்கீகாரம் பெற்றவங்கதான் சார்" என்று எல்லா போர்டிலும் எழுதியிருக்கும், அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பீளமேட்டு அப்பா:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். கேட்டவர்களுக்காக.

இரண்டாவது ஸ்கூலில் பத்து வகுப்புக்கு 4,500 வாங்கினார்கள். ஒரு வகுப்புக்கு 450, கொஞ்சம் கூடத்தான். ஆனால் அங்கே இருந்த மாஸ்டர் முதல் நாளே இரண்டு காலையும் மடக்கிச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். மகள் சொல்லித்தான் தெரியும். அன்றைக்குப் பதினோரு தடவை ஆஃப். நாலாம் நாள் ஒரு தடவை.

டெஸ்டுக்கு எங்கள் வேகன் ஆரிலேயே போனோம். ஸ்கூட்டரில் எட்டு போட்டது ஒரே முயற்சியில் முடிந்தது, காலை ஊன்றவே இல்லை. காரில் பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்ததும் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார், பதற்றத்தில் ஹேண்ட் பிரேக்கை இறக்காமலே ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறாள். ஃபெயில். ஏழு நாள் கழித்து மறுபடி 300 கட்டிப் போனோம், தேறிவிட்டாள். லைசென்ஸ் தபாலில் வீட்டுக்கே வந்தது. வெளியே நின்ற புரோக்கர் ஒருவர் முதல் தடவையும் வந்தார், இரண்டாம் தடவையும் வந்தார். இரண்டாம் தடவை, "அன்னிக்கே எங்கிட்ட கொடுத்திருக்கலாம்ல சார்" என்றார்.

மொத்தக் கணக்கு: 6,500, 4,500, அரசுக் கட்டணங்களும் மறு டெஸ்டும் சேர்ந்து இரண்டாயிரத்துக்குச் சற்று உள்ளே, ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் 2,400. பதினைந்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. முதலிலேயே 8,000 கட்டியிருந்தால் பன்னிரண்டில் முடிந்திருக்கும். இடது பக்கக் கதவில் எதிர்வீட்டு காம்பவுண்டின் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது, அதை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

தாமிரபரணி:

கிளட்ச் பிளேட் எப்படி இருக்கிறது சார்?

பீளமேட்டு அப்பா:

கேட்காதீர்கள்.

புதுமுகம்_சிங்காநல்லூர்:

சார், இழை முழுக்கப் படித்தேன். என் தங்கைக்குச் சேர்க்க வேண்டும். அந்த இரண்டாவது ஸ்கூல் எது என்று தனிச்செய்தியில் சொல்ல முடியுமா?

பீளமேட்டு அப்பா:

அனுப்பிவிட்டேன். காலை ஆறரை மணி வகுப்பைக் கேளுங்கள். காலை மடக்கி உட்காருகிற மாஸ்டர் அந்த வகுப்புக்கு மட்டும்தான் வருவார்.